கடல் தாண்டி வந்த செய்தி!

உங்க வீட்டுல யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா? அண்ணன் துபாய்ல, அக்கா சிங்கப்பூர்ல, சித்தி பையன் ஜெர்மனியில எம்.எஸ்... எப்படியும் ஒருத்தர் இருப்பார். அந்த ஊர்ப் பேரு டி.வி.யில் சிவப்புப் பட்டையில் ஓடினா, வயித்துக்குள்ள 'திக்'குனு ஒண்ணு இறங்கும் பாருங்க... அந்த 'திக்' பத்திதான் இந்தக் கட்டுரை.

ஆள் அங்கே. அடி அங்கே. ஆஸ்பத்திரி அங்கே. வீடு மட்டும் இங்கே! கையைப் பிடிக்க முடியாது, டாக்டர்கிட்ட நேர்ல கேட்க முடியாது, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஓடவும் முடியாது. அப்படி ஒரு நாள் வந்தா ஒரு குடும்பம் எப்படித் தாங்கும்? அமெரிக்காவில் சில குடும்பங்கள் தாங்கிய கதை ஒண்ணு இருக்கு. வாங்க, முதல்ல அங்கே போவோம்.

19 வயசு மிஷனரி!

மிஷனரின்னு சொன்னதும் நமக்கு யார் ஞாபகத்துக்கு வருவாங்க? ஜி.யு.போப், கால்டுவெல், வேலூர் ஆஸ்பத்திரி ஐடா ஸ்கடர்... எல்லாரும் கறுப்பு வெள்ளை போட்டோவுல இருக்கிற பெரியவங்க. ஆனா, நாம பார்க்கப் போறவங்க நம்ம செட்டு. 19, 20 வயசு!

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். 'மார்மன்'கள் என்று உலகம் அழைக்கும் சபையின் தலைமையகம் அங்கேதான். சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. இந்தச் சபையில் ஸ்கூல் முடித்த பையன்கள் 18 வயசிலேயே மிஷனரியாகக் கிளம்பலாம். இந்த வயசு வரம்பு 2012-ல் வந்தது. பையன்களுக்கு 2 வருஷம், பெண்களுக்கு 18 மாசம். எந்த நாடு என்று அவங்க தேர்வு செய்ய முடியாது. சபை எந்த ஊரைச் சொல்லுதோ, அந்த ஊருக்குப் பெட்டி கட்டணும். சம்பளம்? கிடையாது! 2016-ல் ஓர் அமெரிக்க மிஷனரிக்கு மாசம் 400 டாலர் செலவுக்குக் கட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலும் வீட்டுச் சேமிப்பிலிருந்து போகிற பணம் இது. வேலையிலிருந்து ரிட்டயர் ஆன தம்பதிகளும் இப்படிக் கிளம்புவது உண்டு. உலகம் முழுக்க அப்போது 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிஷனரிகள் வெளியே இருந்தார்கள்.

இன்னொரு ரூல் இருந்தது. அதுதான் நம்ம கதைக்கு முக்கியம். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு இ-மெயில் அனுப்பலாம். போன் பேசுவது? கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. வழக்கமா அவ்ளோதான்! யோசிச்சுப் பாருங்க... ஹாஸ்டல்ல இருந்து தினம் ராத்திரி "சாப்பிட்டியா?"னு அம்மா கேக்கறதுக்கே நாம 'உச்' கொட்டறோம். அந்த அம்மாக்கள் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் மகன் குரலைக் கேட்பார்கள். மற்ற நாளெல்லாம், 'சத்தம் இல்லை, அப்போ நல்லா இருக்கான்' என்ற கணக்குதான்.

அந்தக் கணக்கு உடைந்த நாள், 2016 மார்ச் 22.

காலை 7:58

பெல்ஜியம் நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். செவ்வாய்க்கிழமை. பிரான்சைச் சேர்ந்த 20 வயசுப் பெண் ஒருத்தி மிஷனரியாக அமெரிக்காவின் ஒஹாயோவுக்குக் கிளம்புகிறாள். அவளை வழியனுப்ப 3 அமெரிக்க மிஷனரிகள் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் 66 வயசுப் பெரியவர். மனைவியோடு சேர்ந்து ஊழியம் செய்தவர். அன்று மனைவி ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. இன்னொருவர் 20 வயசு இளைஞர். மூன்றாவது ஆள் மேசன் வெல்ஸ், வயசு 19. அவருடைய 2 வருஷத்தில் சில மாசங்கள்தான் பாக்கி.

சரியாக 7:58-க்கு ஏர்போர்ட்டின் புறப்பாடு ஹாலில் அடுத்தடுத்து 2 தற்கொலை குண்டுகள் வெடித்தன. 9:11-க்கு மால்பேக் மெட்ரோ ஸ்டேஷனில் ரயிலுக்குள் இன்னொன்று. ஐ.எஸ். அமைப்பு நடத்திய இந்தத் தாக்குதலில் அப்பாவிகள் 32 பேர் இறந்தார்கள். 300 பேருக்கு மேல் காயம்.

நாலு மிஷனரிகளும் உயிரோடு இருந்தார்கள். ஆனா...

மேசனுக்கு இடது குதிகாலின் அக்கிலிஸ் தசைநார் அறுந்தது. உடம்பில் உலோகச் சிதறல்கள். முகத்திலும் கைகளிலும் தீக்காயம். வெடித்த வேகத்தில் ஒரு கால் ஷூ காணாமலே போய்விட்டது. 20 வயசு இளைஞருக்கு முகம், தலை, கைகளில் இரண்டாம் நிலைத் தீக்காயம், கால்களில் சிதறல்களை எடுக்க ஆபரேஷன். ஒஹாயோவுக்குக் கிளம்பிய பெண்ணுக்கும் தீக்காயம், சிதறல் காயம். 66 வயசுப் பெரியவருக்கு நீண்ட நேர ஆபரேஷன் நடந்தது. அது முடிந்ததும் மருந்து கொடுத்து அவரை கோமாவில் வைத்தார்கள்.

யூட்டாவில் மணி என்ன?

இப்போ வீட்டுப் பக்கம் வருவோம். அந்த மார்ச் மாதத்தில் யூட்டாவுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் 7 மணி நேர வித்தியாசம். அங்கே காலை 7:58 என்றால் யூட்டாவில் நடுராத்திரி 12:58. ஊரே தூக்கத்தில். உலகத்துக்கே செய்தி தெரிந்துகொண்டிருக்கும்போது, யாருக்கு முதலில் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் நடுநிசி!

மேசனின் அம்மா, அப்பாவுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. அதுதான் இந்தக் கதையின் பெரிய ஷாக். 2013 ஏப்ரல் 15. பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்தார் மேசனின் அம்மா. அப்பாவும் மேசனும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். ஃபினிஷிங் லைன் பக்கத்தில் குண்டு வெடித்தபோது அவங்க ஒரு தெரு தள்ளித்தான் நின்றார்கள். யாருக்கும் அடி இல்லை. 2015 நவம்பர் 13-ல் பாரிஸ் தாக்குதல், 130 பேர் பலி. அப்போது மேசன் பிரான்சில்தான் ஊழியத்தில் இருந்தார், ஆனா பாரிஸ் ஊருக்குள் இல்லை. மூணாவது, பிரஸ்ஸல்ஸ். இந்த முறைதான் குண்டு அவரைத் தொட்டது.

பாஸ்டனில் பட்ட அனுபவம்தான் மகனைப் பதறாமல் வைத்திருந்திருக்கும் என்று அப்பா டி.வி. பேட்டியில் சொன்னார். ஒரு விஷயம் கவனிச்சீங்களா? பாஸ்டனில் அந்த அப்பா மகனுக்குப் பக்கத்தில் நின்றார். பிரஸ்ஸல்ஸில் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றார். பயம் ஒண்ணுதான். ஆனா, பக்கத்தில் இருக்கிறவனுக்கு கையும் காலும் வேலை செய்யும். தூரத்தில் இருக்கிறவனுக்கு மனசு மட்டும்தான் ஓடும். அது எங்கே வேணும்னாலும் ஓடும்!

லைன் ஏன் கிடைக்கல?

சரி, உடனே போன் பண்ண வேண்டியதுதானே? அங்கேதான் நம்ம சப்ஜெக்ட் உள்ளே வருது. (நான் படிக்கிறது ஈ.சி.ஈ., பாஸ்! இந்த ஒரு பத்தியை மட்டும் பொறுத்துக்கோங்க.)

அன்று பிரஸ்ஸல்ஸில் மொபைல் நெட்வொர்க் திணறியது. பெல்ஜியத்தின் தொலைத்தொடர்பு அமைச்சராக அப்போது இருந்த அலெக்சாண்டர் டி க்ரூ, "கால் பண்ணாதீங்க, மெசேஜ் அனுப்புங்க" என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை கால்களைத்தான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேச மாட்டாங்க என்ற நம்பிக்கையில்தான் நெட்வொர்க்கே கட்டப்படுகிறது. இத்தனை பேருக்கு இத்தனை லைன் போதும் என்று கணக்குப் போடும் ஃபார்முலாவை 1917-லேயே கொடுத்தவர் டென்மார்க்கின் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 'எர்லாங்' என்று ஒரு அலகே நம்ம சிலபஸில் இருக்கு. ஒரு குண்டு வெடித்தால் அந்தக் கணக்கெல்லாம் காலி. ஊரே ஒரே நிமிஷத்தில் போனை எடுக்கும்.

மெசேஜ் மட்டும் எப்படிப் போகும்? ஒரு கால் என்றால், நாம பேசி முடிக்கிற வரைக்கும் நெட்வொர்க்கில் ஓர் இடம் நமக்கென்று ஒதுங்கியிருக்கணும். மெசேஜ் சின்னது. வழி கிடைக்கிற வரை சர்வரில் காத்திருந்து, சந்து கிடைச்சதும் நுழைஞ்சு போயிடும். அதனால, 'லைன் போகல' என்பதற்கு அர்த்தம் 'ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சு' என்பதல்ல. 'டவர் நிரம்பிடுச்சு', அவ்ளோதான். தகவலே வராத அந்த முதல் சில மணி நேரத்தில் இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா, எத்தனையோ அம்மாக்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். அன்று ஃபேஸ்புக்கும் 'நான் பத்திரமா இருக்கேன்' என்று ஒரு பட்டனைத் தட்டிச் சொல்லும் வசதியை பிரஸ்ஸல்ஸுக்குத் திறந்துவிட்டது.

ஆனா, போனே கையில் இல்லாதவன் எதைத் தட்டுவான்? ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவனுக்கு பட்டன் ஏது? அப்போது வீட்டுக்குத் தகவல் வருவது மனிதர்கள் வழியாகத்தான். இந்த மிஷனரிகளுக்கு ஒரு வசதி இருந்தது. தனியாக அலைய மாட்டார்கள், எப்பவும் ஜோடி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். யார் எங்கே, யாரோடு இருக்கிறார் என்று அவரிடம் விவரம் இருக்கும். யார் வீட்டுக்கு என்ன சொல்லணும் என்பதற்கு ஒரு வழி இருந்தது. இப்படி ஒரு சங்கிலி இருக்கிற குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம், அதே நாளில், அதே ஊரில், நம்ம நாட்டுக் குடும்பங்கள் ரெண்டுக்குத் தெரிந்தது.

ஒரு போட்டோ... ஒரு மவுனம்!

அந்த போட்டோ உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மஞ்சள் யூனிஃபார்ம் கிழிந்து, உடம்பெல்லாம் புழுதி, முகத்தில் ரத்தம், ஒரு காலில் ஷூ இல்லாமல் நாற்காலியில் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்த பெண். ஜெட் ஏர்வேஸ் ஊழியர் நிதி சாபேகர், மும்பைக்காரர், 2 குழந்தைகளின் அம்மா. ஜார்ஜியா நாட்டுப் பத்திரிகையாளர் கெதவன் கர்தாவா எடுத்த படம், சில மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றியது. மும்பையில் இருந்த குடும்பமும் அதைப் பார்த்தது. ஒரு படம், 'உயிரோட இருக்காங்க' என்று சொல்லும். 'எப்படி இருக்காங்க' என்று சொல்லாது. அதன் பிறகு மூணு வாரத்துக்கு மேல் அவர் கோமாவில் இருந்தார். பிழைத்து வந்தார், புத்தகமும் எழுதினார்.

இன்னொரு குடும்பத்துக்குப் படமும் வரவில்லை. பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்த ஒரு தமிழ் ஐ.டி. இன்ஜினியர். தாக்குதலுக்குக் கொஞ்ச நேரம் முன்பு அம்மாவிடம் பேசியிருந்தார். அப்புறம் சத்தமே இல்லை. குடும்பத்தினர் பிரஸ்ஸல்ஸுக்கே போய்த் தேடினார்கள். அவருடைய கடைசி கால் மெட்ரோ ரயிலில் இருந்து போயிருக்கிறது என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் ட்விட்டரில் சொன்னார். மார்ச் 28-ம் தேதிதான், இறந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது உறுதியானது. உடல் சென்னைக்கு வந்தது.

6 நாள்! இருக்காரா, இல்லையா என்று தெரியாத 6 நாள். அழவும் முடியாது, ஆறுதலாகவும் இருக்க முடியாது. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே உண்டு. அமெரிக்கப் பேராசிரியை பாலின் பாஸ் 1970-களில் வைத்த பெயர், 'தெளிவில்லாத இழப்பு' என்று தமிழில் சொல்லலாம். காணாமல் போன ராணுவ வீரர்களின் குடும்பங்களைக் கவனித்த ஆராய்ச்சியில் பிறந்தது அது. இதில் மாட்டின குடும்பத்தைப் பார்த்து 'தைரியமா இருங்க' என்று சொல்வது, பாலே இல்லாமல் டீ போடச் சொல்ற மாதிரி. அவங்களுக்குத் தேவை, ஒரு துண்டுத் தகவல்.

வீட்டை ஆபீஸாக்கு!

தகவல் வந்துடுச்சு. ஆள் உயிரோட இருக்கார். ஆஸ்பத்திரி பேரும் தெரிஞ்சுடுச்சு. அடுத்தது என்ன?

யூட்டா குடும்பங்கள் செய்ததில் ஒண்ணு கண்ணில் படும். காயம் என்ன, சிகிச்சை என்ன என்பதை எண்ணி நாலு வரியில் எழுதி, அறிக்கையாகக் கொடுத்தார்கள். பெரியவரின் குடும்பம், அவர் கோமாவில் வைக்கப்பட்டிருக்கிறார், குணமாக நீண்ட காலம் ஆகும் என்று நேராகவே சொன்னது. இது பெரிய உதவி. ஏன்னா, இப்படி ஒரு செய்தி வந்தால் வீட்டுக்கு முதல் நாள் வர்ற கால்கள் எல்லாம் ஒரே கேள்விதான்: "என்ன ஆச்சு?" பெரியப்பாவுக்கு ஒரு தடவை, அத்தைக்கு ஒரு தடவை, எதிர்வீட்டுக்கு ஒரு தடவைன்னு அந்த அம்மா அதையே சொல்லிச் சொல்லி, சொல்ற ஒவ்வொரு தடவையும் அடி படணும். நாலு வரி எழுதி, ஒருத்தர் பொறுப்பில் கொடுத்துட்டா, அந்த அடி மிச்சம்.

அடுத்து, வார்த்தைகளைப் புரிஞ்சுக்கிறது. 'கோமா'ன்னு கேட்டதுமே நம்ம ஊர் சினிமா பார்த்துப் பழகினவங்களுக்கு மூச்சே நின்னுடும். ஆனா, டாக்டர்களே மருந்து கொடுத்து வைக்கிற கோமா வேற. வலி தெரியாமல், உடம்பு ஆறுவதற்கு அவகாசம் கொடுக்க, மயக்க மருந்தில் தூங்க வைப்பது. மருந்தைக் குறைச்சு எழுப்புவாங்க. தீக்காயத்திலும் அப்படித்தான். முதல் நிலை என்றால் மேல்தோல் மட்டும். இரண்டாம் நிலை என்றால் அதுக்குக் கீழேயும் போயிருக்கு, கொப்புளம் வரும், வலி அதிகம். மூன்றாம் நிலை என்றால் தோல் முழு ஆழத்துக்கும் போயிடுச்சு, பெரும்பாலும் வேற இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டணும். டாக்டர் சொல்ற வார்த்தையை ஒரு நோட்டில் எழுதி, அர்த்தம் கேட்டு வைக்கிற ஒரு ஆள் வீட்டுக்கு வேணும். காலேஜ் படிக்கிற நீங்கதான் அந்த ஆள்!

மூணாவது, யார் போறது? அன்று பிரஸ்ஸல்ஸுக்கு நேரா பறக்க முடியாது. ஏர்போர்ட்டே மூடிக் கிடந்தது. ஏப்ரல் 3-ம் தேதிதான் விமானங்கள் கொஞ்சமாகத் திரும்ப ஆரம்பித்தன. வேறு ஊரில் இறங்கி, ரோடு வழியாகவோ ரயிலிலோதான் போகணும். பெரியவரின் மனைவி மட்டும் அதே நாட்டில் இருந்தார். சொந்த ஊர் இல்லை, சுற்றிலும் வேற பாஷை, கணவர் கண் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தாலும் அவர் நிலைமையும் தூரம்தான், இல்லையா?

நண்பனுக்கு இப்படி ஆனா, நாம என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ஒரு கையேடு போட்டது. அதிர்ச்சியில் இருக்கிறவங்களுக்கு மனசுக்கான முதலுதவி. அதன் சாரம் மூணு சொல்: பார், கேள், இணை. இப்போ என்ன தேவைன்னு பார். பேசினா கேள், பேசலைன்னா கட்டாயப்படுத்தாதே. தகவலோடும் ஆட்களோடும் அவங்களை இணைச்சு விடு. அதாவது, 'கடவுள் இருக்கார் மச்சி'ன்னு லெக்சர் அடிக்கறதைவிட, அவன் தம்பியை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வர்றதும், வீட்டுக்கு நாலு இட்லி பார்சல் வாங்கிட்டுப் போறதும் பெரிசு.

கேமரா போன பிறகு...

மேசன் கெண்ட் நகர ஆஸ்பத்திரியில் இருந்து, முகமெல்லாம் கட்டுப் போட்டபடியே டி.வி.க்குப் பேட்டி கொடுத்தார். உலகமே பார்த்தது. அப்புறம் யூட்டாவுக்குத் திரும்பி, யூட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் சிகிச்சை. செய்தியில் இங்கேயே 'சுபம்' போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு இங்கேதான் வேலை ஆரம்பம்.

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வரும் வலி கொடுமையானது. ஒட்டிய தோல் தடித்துவிடாமல் இருக்க, இறுக்கமான துணி உறையை மாசக்கணக்கில் போட்டிருக்க வேண்டி வரும். விரல் மடங்காமல் போயிடக் கூடாதுன்னு தினமும் பிசியோதெரபி. அக்கிலிஸ் என்பது உடம்பிலேயே தடிமனான தசைநார். அது அறுந்தா, தைச்ச பிறகும் ஒழுங்கா நடக்கவே மாசக்கணக்கு ஆகும். இதையெல்லாம் செய்து தருவது யார்? அம்மா, அப்பா, தம்பி, தங்கைதான். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூணாவது மாசம் பாத்ரூமுக்குப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரே ஆள்தான் இருப்பார். அவர் களைச்சுப் போயிருப்பார். உதவி பண்ணணும்னு நினைக்கிறவங்க அந்த மூணாவது மாசத்தில் போங்க, பாஸ்!

மனக்காயம் இன்னும் நீளம். பிரஸ்ஸல்ஸ் வழக்கு விசாரணை 2022 டிசம்பரில் தொடங்கி 2023 ஜூலையில்தான் தீர்ப்பு வந்தது. குண்டு வெடித்து 7 வருஷம் கழித்து, தப்பிப் பிழைத்தவர்களும் குடும்பத்தினரும் கோர்ட்டில் வந்து அந்தக் காலையைச் சொன்னார்கள். வெளியே ஆறின காயம் உள்ளே ஆறியிருக்கணும்னு அவசியம் இல்லை.

ஒரு ரூலும் மாறியது. 2019 பிப்ரவரியில், மிஷனரிகள் வாரா வாரம் வீட்டுக்குப் போன், வீடியோ கால் பேசலாம் என்று அந்தச் சபை அறிவித்தது. வருஷத்துக்கு ரெண்டு என்பது வாரத்துக்கு ஒண்ணு! இனி ஒரு ஊரில் ஏதாவது நடந்தா, 'போன வாரம்தான் பேசினான், இந்தத் தெருவில்தான் இருக்கேன்னான்' என்று சொல்லவாவது அம்மாவிடம் ஒரு தகவல் இருக்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பேப்பர்!

நம்ம கதைக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து 1903-லேயே இந்தியன் மிஷனரி சொசைட்டி தொடங்கி, ஊர் விட்டு ஊர் மிஷனரிகளை அனுப்பியிருக்காங்க. இப்போ ஊழியத்துக்கு, வேலைக்கு, படிப்புக்குன்னு எல்லா வீட்டுலயும் யாரோ ஒருத்தர் வெளியே. இதுக்காகப் பயந்து நடுங்க வேண்டாம். ஒரே ஒரு ஏ4 பேப்பர் போதும். அதுல இவ்வளவும் இருக்கட்டும்:

* அங்கே தங்கியிருக்கிற முழு விலாசம், கூடத் தங்கியிருக்கிற ஒருத்தர் நம்பர், கம்பெனி அல்லது காலேஜில் ஒருத்தர் நம்பர். ஆள் எடுக்கலைன்னா அடுத்து யாரைக் கேக்கணும்னு தெரியணும்.

* பாஸ்போர்ட் நகல், இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர், ரத்த குரூப், எந்த மருந்து ஒத்துக்காது.

* அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர நம்பர். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் 2015-ல் தொடங்கியது. வெளிநாட்டில் சிக்கலில் இருப்பவர்களுக்காக வீட்டிலிருந்தே அதில் மனு பதியலாம். கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரியில் மாட்டினவங்களுக்காக, 2009 முதல் தூதரகங்களில் ஒரு நல நிதியும் இருக்கு. தகுதி பார்த்துக் கொடுப்பாங்க.

* வீட்டில் ஒருத்தருக்காவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் இல்லாமல், மகன் அடிபட்ட பிறகு அப்ளிகேஷன் போட ஓடுற கொடுமை வேண்டாம்.

* ஒரு ஒப்பந்தம்: "பெரிசா ஏதாவது நடந்தா, முதல்ல 'ஓகே'ன்னு ஒரே ஒரு மெசேஜ் போடு. கால் அப்புறம்." எர்லாங் தாத்தா ஆசீர்வாதத்தோட!

இதை எழுதிக் கேக்கும்போது, "அபசகுனமா பேசாதே"ன்னு அம்மா திட்டுவாங்க. திட்டட்டும். சிரிச்சுக்கிட்டே எழுதி வாங்கிடுங்க.

திரும்பவும் அனுப்புவீங்களா?

கடைசியா ஒண்ணு. குணமான பிறகு மேசன் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்கக் கடற்படை அகாடமியில் சேர்ந்தார்! 2017-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் கொண்டு வந்தார். பாஸ்டனில் பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, மாரத்தான் ஓடிய அம்மா, பிரஸ்ஸல்ஸ் செய்தியைக் கேட்டுத் தாங்கின அதே வீடு, அந்தப் பையனைத் திரும்பவும் வெளியே அனுப்பியது. அதுவும் எங்கே? ராணுவ வேலைக்குத் தயாராக!

நம்ம வீட்டில் என்றால், "போதும்டா சாமி, உள்ளூர்ல ஒரு கடை வெச்சுக் கொடுத்துடறேன்"னு சொல்லியிருப்பாங்க. அப்படிச் சொல்றதும் தப்பில்லை. அடிபட்டு வந்த பிள்ளையை வீட்டோடு வெச்சுக்கணும்னு நினைக்கிறது அன்புதான். கதவைத் திறந்து விடறதும் அன்புதான். இதுல எதுங்கறதை அந்தந்த வீடுதான் முடிவு பண்ணணும், வேற யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆனா, ஏர்போர்ட் வாசலில் கை ஆட்டிட்டு உள்ளே போற ஒவ்வொரு பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரு வார்த்தை. நீங்க உள்ளே போன பிறகும் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கிறாங்களே, அவங்களுக்கு நீங்க இறங்கின உடனே அனுப்புற 'ரீச்டு' என்ற ஒரு சொல் ரொம்பப் பெரிசு. சிம் மாத்தறது, டாக்ஸி பிடிக்கறது எல்லாம் அப்புறம். முதல்ல ஏர்போர்ட் வைஃபையில் அதை அனுப்பிடுங்க!